ஆக்சிஜன் பக்கத்தை யார் பார்ப்பது?

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் ஓடும் முதல் ரயில் பெட்டி சோதனையில் தேறிவிட்டதாக 2025 ஜூலை 25 அன்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். ஹரியாணாவின் ஜிந்த் – சோனிபட் தடத்துக்கான ரயில் அது. நான் தாம்பரம் மின்ரயில் பணிமனையில், எங்கள் பேச்சில் சொன்னால் கார் ஷெட்டில், பேட்டரிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பீர்க்கன்கரணையில் வீடு. பெரம்பூரில் செய்த பெட்டி எது ஓடினாலும் எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்த வீட்டு விசேஷம் மாதிரிதான். பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு வாழ்த்து மழை.

நான் மட்டும் ஒரு கேள்வி போட்டேன்: “பெட்டி நம்முடையது. உள்ளே மின்சாரம் எடுக்கிற கலன் யாருடையது?” இந்திய ரயிலுக்கான எரிபொருள் கலன்களை 2022-இல் ஐதராபாத்தின் மேதா நிறுவனம் கனடாவின் பாலார்டு நிறுவனத்திடம் ஆர்டர் செய்தது. நாளிதழ்களில் வந்த செய்திதான். முதல் வண்டிக்கு வெளியிலிருந்து வாங்குவதில் தவறில்லை. வந்தே பாரத்திலும் ஆரம்பத்தில் வெளிநாட்டுப் பாகங்கள் இருந்தன. ஆனால், இரண்டாவது, மூன்றாவது வண்டிக்கும் வாங்கிக்கொண்டே இருக்கப் போகிறோமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். ஹைட்ரஜனை உற்பத்தி செய்யக் கோடிகளை ஒதுக்கியிருக்கிறோம். அந்த ஹைட்ரஜன் மின்சாரமாக மாறும் இடத்தில், அதிலும் அதன் கடினமான பாதியான ஆக்சிஜன் பக்கத்தில், கவனம் இல்லை. அங்கே வேலை செய்யும் உலோகக் கலவையை நம் ஊர்க் காற்றில் சோதித்துப் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். அது சென்னையில்தான் வேண்டும் என்பது என் வாதம்.

அடங்காத ஆக்சிஜன்

பேட்டரி தெரிந்தவனுக்கு எரிபொருள் கலன் புரிவது கடினமில்லை. பேட்டரியில் சரக்கு உள்ளேயே இருக்கிறது. தீர்ந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். கலனில் சரக்கு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் சாதாரணக் காற்று. ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானைக் கழற்றிவிட்டுப் புரோட்டானாகச் சவ்வைக் கடக்கும். எலக்ட்ரான் கம்பி வழியே போய், மோட்டாரை ஓட்டிவிட்டு மறுபக்கம் வந்து சேரும். அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் இரண்டையும் வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 கிலோ தண்ணீர். புகை கிடையாது.

என் அண்ணன் மகள் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இதே துறையில் முனைவர் பட்டம் வாங்கியவள். இப்போது கொரியாவில் வேலை. அவள் ஒரு தடவை சொன்னாள்: “சித்தப்பா, ஹைட்ரஜன் சொன்ன பேச்சைக் கேக்கும். ஆக்சிஜன்தான் அடங்காது.” இந்தத் துறையின் அறுபது ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை உடைக்க வேண்டும். நான்கு எலக்ட்ரான்களை ஊட்ட வேண்டும். நான்கு புரோட்டான்களைச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, சவ்வையே அரிக்கும்.

கணக்கில் ஒரு கலன் 1.23 வோல்ட் தர வேண்டும். வண்டியில் ஓடும்போது கிடைப்பது 0.65 வோல்ட் அளவுதான். மிச்சம் வெப்பமாகப் போகிறது. அந்த இழப்பில் பெரும்பங்கு, 0.3 முதல் 0.4 வோல்ட் வரை, ஆக்சிஜன் பக்கத்தில்தான். ஹைட்ரஜன் பக்கத்து இழப்பு அதன் அருகில்கூட வராது. இந்த இழப்பில் 0.05 வோல்ட்டை மீட்டால் போதும். அதே ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் மின்சாரம் கிடைக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனை மின்பகுப்பில் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. கலன் அதில் திருப்பித் தருவது 17 யூனிட் அளவே. இப்படிப் பாடுபட்டு எடுத்த ஹைட்ரஜனில் 8 விழுக்காடு என்பது விட்டுவிடக்கூடிய தொகையா?

பிடி தளர்த்தும் கலவை

ஆக்சிஜனை வழிக்குக் கொண்டுவருவது பிளாட்டினம். கரித்தூளின் மேல் 2 முதல் 5 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக அதைத் தூவியிருப்பார்கள். இருக்கும் தனி உலோகங்களில் இந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் அதற்கு ஒரு குறை உண்டு. ஆக்சிஜனைப் பிடித்தால் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்தபின்னும் விடத் தயங்குகிறது. அந்தப் பிடி இம்மி அளவு தளர்ந்தால் வேகம் கூடும் என்று டென்மார்க்கின் நோர்ஸ்கோவ் குழு 2004-இல் கணக்கிட்டுக் காட்டியது.

தளர்த்துவதற்கு வழி, கோபால்ட் அல்லது நிக்கலைக் கலப்பது. இவற்றின் அணுக்கள் பிளாட்டினத்தைவிடச் சிறியவை. உள்ளே அவை உட்கார்ந்தால் மேலே உள்ள பிளாட்டின அணுக்கள் சற்று நெருங்கி நிற்கும். எலக்ட்ரான்களின் நிலை மாறும். ஆக்சிஜன் மீதான பிடி தளரும். 2007-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஸ்டமென்கோவிச்சும் மார்கோவிச்சும் மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் சேர்ந்த ஒற்றைப் படிகத்தைச் சோதித்தார்கள். அதன் ஒரு முகம் தூய பிளாட்டினத்தின் அதே முகத்தைவிடப் பத்து மடங்கும், வழக்கமான கரித்தூள் பிளாட்டினத்தைவிடத் தொண்ணூறு மடங்கும் சுறுசுறுப்பாக இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால், ஆய்வகத்துப் படிகத்தின் பாய்ச்சல் வண்டிக்குள் அப்படியே வருவதில்லை. உண்மையான கலனில் கலவைத் துகள்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு முன்னேற்றம் தருகின்றன. அதுவும் சாதாரணமில்லை, அதே மின்சாரத்துக்குப் பாதிப் பிளாட்டினம் போதும் என்று பொருள். 2014-இல் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரில் ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தது பிளாட்டினம் – கோபால்ட் கலவைதான்.

இந்தக் கதையில் நம் பக்கத்து ஆட்கள் ஓரமாக நின்றவர்கள் இல்லை. இலங்கையில் பிறந்த சுப்ரமணியம் சீனிவாசன், ஜான் பாக்ரிஸுடன் சேர்ந்து 1969-இலேயே எரிபொருள் கலன்களின் மின்வேதியியல் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அவர் இருந்த குழுதான், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் தேவைப்பட்ட பிளாட்டினத்தை 0.4 மில்லிகிராமுக்கு இறக்கிக் காட்டியது. 1993-இல் சஞ்சீவ் முகர்ஜியுடன் சேர்ந்து, சவ்வுக் கலனுக்குள் பிளாட்டினக் கலவைகள் ஆக்சிஜனை எப்படி வேகமாகக் கையாளுகின்றன என்று ஆராய்ந்து எழுதினார். 2004-இல் காலமானார். அவர் எழுதிவைத்த பாடநூல் 2006-இல் வெளிவந்தது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் அவர் பெயருக்கு ஒரு வரி இடம் கொடுக்கலாம்.

சென்னையைப் பாருங்கள். 1990-களிலேயே ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளை இங்கே எரிபொருள் கலன் ஆராய்ச்சி செய்தது. பிறகு மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனம் எரிபொருள் கலன் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கியபோது, அது இருந்தது மேடவாக்கம் – மாம்பாக்கம் சாலையில். தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடம். இப்போது அது தரமணியில் ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இயங்குகிறது. 2012-இல் ஐஐடி இயற்பியல் துறையின் ராமபிரபு குழுவும் இந்த மையத்தின் ராஜலட்சுமியும் சேர்ந்து, நைட்ரஜன் ஏற்றிய கிராஃபீன் மேல் பிளாட்டினம் – கோபால்ட் கலவையைப் பதித்து, ஆக்சிஜன் பக்கத்து வினையூக்கியாகச் சோதித்துச் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். மிராய் கார் சந்தைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு! காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சென்னைப் பிரிவும் தரமணியில்தான் இருக்கிறது. பிளாட்டினத்தோடு தங்கம் சேர்த்த கலவைகளை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் காரைக்குடி ஆய்வகமோ, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி உருவானது.

அறிவு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கட்டுரைகள் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், கலவை வினையூக்கி கிலோக் கணக்கில் தயாராகி வண்டியில் ஏறும் கட்டத்துக்கு இங்கே வந்து சேரவில்லை. என் அண்ணன் மகள் படித்த காலத்தில், கலனைச் சோதிக்கும் கருவி பழுதானால் உதிரி பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம். “கொரியாவுல அதே கருவி வரிசையா நிக்குது சித்தப்பா, எது காலின்னு பாத்துப் போய் உக்காந்துக்குவோம்” என்றாள். கருவிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு ஆட்கள் போவார்கள். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் காற்று வேறு

“ஆராய்ச்சி அவர்கள் செய்யட்டும், நாம் வாங்கிக்கொள்வோம்” என்பவர்களுக்கு என் தொழில் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று உண்டு. கார் ஷெட்டில் பேட்டரிக்கு ஊற்ற வாலைவடிநீர் வரும். ஒரு சமயம் ஓர் ஒப்பந்ததாரர் கொடுத்த சரக்கில் இரும்பு கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நாவில் வைத்தாலும் தெரியாது. ஆனால், சார்ஜ் ஏற்றி நிறுத்திய பேட்டரிகள் சும்மா நின்றபடியே இறங்கிப்போயின. நல்ல கம்பெனி பேட்டரிதான். உள்ளே போன தண்ணீர்தான் சரியில்லை.

எரிபொருள் கலனுக்கு உள்ளே போவது ஹைட்ரஜனும் காற்றும். ஹைட்ரஜனுக்குச் சர்வதேசத் தரம் உண்டு. வண்டிக்குப் போகும் ஹைட்ரஜனில் கந்தகம் நூறு கோடியில் நான்கு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அளவுக்கு அதில் கண்டிப்பு. காற்றுக்கு அப்படி எந்தத் தரச்சான்றும் கிடையாது. சாலையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கலன் இழுக்கும். 100 கிலோவாட் கலன் ஒன்று மணிக்கு 300 கன மீட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சும். அது வடக்கே தாம்பரம், தெற்கே வண்டலூர் என்று இரு பக்கமும் வண்டிகள் நெரியும் ஜி.எஸ்.டி. சாலைக் காற்றாக இருந்தால் அதில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கும். எண்ணூர்ப் பக்கமாக இருந்தால் நிலக்கரி எரிந்த கந்தக டை ஆக்சைடு. பெருங்குடி குப்பைக் கிடங்குப் பக்கமாக இருந்தால் அழுகலில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடற்கரையாக இருந்தால் உப்பு.

இவை ஒவ்வொன்றும் பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்து இடம் பிடிக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு பரவாயில்லை. நல்ல காற்று கொடுத்தால் எழுந்து போய்விடும். கந்தகம் அப்படியில்லை, ஒட்டினால் எளிதில் விடாது; சேர்ந்துகொண்டே போகும். உப்பிலுள்ள குளோரைடு ஆக்சிஜன் வினையைத் தாறுமாறாக்கிப் பெராக்சைடைக் கூட்டும். பிளாட்டினத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

கவனிக்க வேண்டிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கலவை வினையூக்கியின் முழு நோக்கமே பிளாட்டினத்தைக் குறைப்பது. பிளாட்டினம் குறையக் குறைய, மாசு வந்து உட்காரும்போது மிச்சமிருக்கும் இடமும் குறைவு. அதாவது, விலை குறைந்த கலன்தான் அழுக்குக் காற்றுக்கு அதிகம் அஞ்ச வேண்டியது. கலவைக்கே உரிய இன்னொரு நோயும் உண்டு: அமிலச் சூழலில் கோபால்ட்டும் நிக்கலும் கசிந்து வெளியேறிச் சவ்வுக்குள் போய் அமரும், புரோட்டான் நடக்க வேண்டிய பாதையை அடைக்கும். பிளாட்டினமே வேண்டாம், இரும்பும் நைட்ரஜனும் கரியும் சேர்ந்த வினையூக்கி போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நம் உடம்பின் செல்களில் ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் நொதி இரும்பையும் செம்பையும் வைத்தே வேலையை முடிக்கிறது என்பதால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. ஆனால், கசிந்த இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் சவ்வைச் சிதைக்கும். இரும்பின் சேட்டை எனக்குப் பேட்டரியிலேயே பழக்கம்.

இதற்கு மேல் வெயில். சவ்வுக் கலன் 80 டிகிரிக்குள் ஓட வேண்டியது. கனடாவில் வெளிக்காற்று 10 டிகிரி என்றால் ரேடியேட்டருக்கு 70 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். நம் கத்திரி வெயிலில் 42 டிகிரி என்றால் அது 38 டிகிரியாகச் சுருங்கிவிடும். ஆக்சிஜன் பக்கம் எவ்வளவு மின்னழுத்தத்தைத் தொலைக்கிறதோ அவ்வளவு வெப்பத்தையும் அந்த ரேடியேட்டர்தான் சுமக்க வேண்டும். குளிர்நாட்டில் தேறிய கலன் இங்கே தேறும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 19,744 கோடி ரூபாய். இதில் 17,490 கோடி, ஹைட்ரஜன் உற்பத்திக்கும் மின்பகுப்புக் கருவித் தயாரிப்புக்குமான ஊக்கத்தொகை. முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி. நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்தான் ஆராய்ச்சிக்கு. அந்த இரண்டு ரூபாயில் உற்பத்தி, சேமிப்பு, குழாய், பாதுகாப்பு எல்லாம் போக ஆக்சிஜன் பக்கத்து வினையூக்கிக்கு வந்து சேருவது சில்லறைதான்.

2025 மார்ச்சில் ஹைட்ரஜன் பஸ், லாரி முன்னோடித் திட்டங்களுக்கு அனுமதி வந்தது: 37 வண்டிகள், 10 வழித்தடங்கள், 208 கோடி ரூபாய். புவனேஸ்வரம் – பூரி இருக்கிறது, திருவனந்தபுரம் – கொச்சி இருக்கிறது, புனே – மும்பை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு தடம்கூட இல்லை. திட்டத்தில் பங்குபெறும் நிறுவனங்களில் எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டு உண்டு. அதன் வண்டி வேறு மாநிலத்தில் ஓடும். 37-இல் 22 வண்டிகள் ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரிப்பவை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுக்குப் பிளாட்டினக் கலன் தேவையில்லை, விலை குறைவு. ஆனால், எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரும். கலன் அளவுக்குத் திறனும் கிடைக்காது.

இந்த இடத்தில் என் சகாக்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. “கம்பி இருக்கும்போது ஹைட்ரஜன் எதுக்குய்யா?” கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. மேல்நிலைக் கம்பியிலிருந்து நேரே மின்சாரம் எடுப்பதற்கு நிகரான சிக்கனம் ஹைட்ரஜனில் கிடையாது. அகல ரயில்பாதை அநேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்ட நாட்டில் தாம்பரம் தடத்துக்கு ஹைட்ரஜன் ரயில் கேட்பது வீண். நகரப் பேருந்துக்குப் பேட்டரி போதும். 2025 ஜூன் முதல் சென்னையில் மாநகர மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. கலனுக்கு வேலை இருப்பது கம்பியும் பேட்டரியும் போய்ச் சேர முடியாத இடங்களில்: நெடுந்தூர லாரி, படகு, துறைமுக வண்டி, ஆஸ்பத்திரிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் டீசல் ஜெனரேட்டருக்கு மாற்று. டீசல் ஜெனரேட்டர் எப்படி நாறும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தைத் தாண்டி வந்த தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படகுக்கும் துறைமுகத்துக்கும் தமிழ்நாடு ஏற்கெனவே வாசல் திறந்திருக்கிறது. கொச்சியில் கட்டப்பட்ட, நாட்டின் முதல் ஹைட்ரஜன் கலன் படகைப் பிரதமர் தொடங்கிவைத்தது 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில்தான். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சிறிய பசுமை ஹைட்ரஜன் ஆலையும் தொடங்கியாயிற்று. சுற்றிலும் உப்பளம். குளோரைடைத் தாங்கும் கலவையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் எது?

செய்யக்கூடியவை

நான் கேட்பது பெரிய ஆலை இல்லை. மூன்று காரியங்கள்.

முதலாவது, திறந்தவெளிச் சோதனை மேடை. ஒரு கிலோவாட், ஐந்து கிலோவாட் கலன்கள் போதும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் ஓரத்தில் ஒன்று, எண்ணூரில் ஒன்று, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒன்று. பாதிக் கலன்கள் வடிகட்டிய காற்றிலும் பாதி வடிகட்டாத காற்றிலும் ஓடட்டும். தூய பிளாட்டினம், கோபால்ட் கலவை, நிக்கல் கலவை, இரும்பு வகை எல்லாம் ஒரே நேரத்தில் பந்தயம் ஓடட்டும். தரமணியின் இரண்டு ஆய்வகங்களும் ஐஐடியும் சேர்ந்து நடத்தினால் கருவிக்கும் அறிவுக்கும் குறைவிருக்காது. தையூரில் ஐஐடி வளாகத்தில் ஹூண்டாயும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் புத்தாக்க மையம் அமைப்பதாக 2024-இல் அறிவித்தார்கள். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் போனால் எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். அந்த மையத்தின் வேலைப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.

இரண்டாவது, டெண்டரில் ஒரு நிபந்தனை. பொதுப் பணத்தில் வாங்கும் எந்த எரிபொருள் கலனும், அது ரயிலோ பஸ்ஸோ படகோ, ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு முறை ஆக்சிஜன் பக்கம் எவ்வளவு மின்னழுத்தம் இழந்தது என்ற கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும். பேட்டரிப் பிரிவில் ஒவ்வொரு செல்லுக்கும் அடர்த்தியும் வோல்ட்டும் எழுதிய பதிவேடு வைத்திருந்தோம். எந்த செல் எப்போது நோயில் விழும் என்பது அந்த ஏட்டைப் பார்த்தாலே தெரியும். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கலனுக்கு அந்த ஏடு வேண்டாமா? விற்பவர் தயங்கினால், ஏன் தயங்குகிறார் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

மூன்றாவது, பிளாட்டினம் திரும்பி வர வேண்டும். உலகில் தோண்டும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டின வகை உலோகங்களின் தடயத்தைப் புவியியல் துறையினர் கண்டிருக்கிறார்கள். ஆனால், தோண்டி எடுக்கும் சுரங்கம் அங்கே வரவில்லை. கைக்கெட்டும் சுரங்கம் வேறு: பழைய கார்களின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றிகள். 1995 முதல் சென்னையில் விற்ற புதிய பெட்ரோல் கார்களில் அவை கட்டாயம். உள்ளே பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும். புதுப்பேட்டையில் வண்டி உடைக்கும் கைகளிலிருந்து ஒழுங்கான சுத்திகரிப்பு ஆலைக்கு அவை நியாயமான விலையில் போய்ச் சேர அரசு ஓர் ஏற்பாடு செய்யலாம். ஆயுள் முடிந்த எரிபொருள் கலன்களும் அதே வழியில் போகட்டும்.

இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, ஹைட்ரஜன் ரயில் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். பாரம்பரியத் தடங்களுக்கான ஹைட்ரஜன் ரயில் ஒவ்வொன்றுக்கும் 80 கோடி ரூபாய் ஆகும் என்று ரயில்வே அமைச்சகமே மதிப்பிட்டிருக்கிறது. அந்தத் தடங்களின் பட்டியலில் நம் நீலகிரி மலை ரயிலும் இருக்கிறது.

தமிழ்நாடு அரசின் அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஹைட்ரஜன் என்ற தலைப்பு வரும்போது, எத்தனை டன் உற்பத்தி என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கலவை எந்த ஊர்க் காற்றில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேட்கும் ஒரு வரியும் வர வேண்டும். அந்த வரியை எழுதவைக்கும் பொறுப்பு தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர்த் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. ஆய்வகங்களும் அவர்கள் வட்டாரத்தில்தான் இருக்கின்றன, அழுக்குக் காற்றும் அவர்கள் வட்டாரத்தில்தான் வீசுகிறது.